பழைய தெருவில் பழைய வீடும் புது வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு, இருநூறு ஆண்டுகளாக மக்கள் குடியிருந்து வரும் நகரப் பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்கள், அங்கே வீடு வாங்கப் போகிறவர்கள், காலிமனையில் புதிதாகக் கட்ட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பதால் இவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரும் தண்ணீரும் மண்ணும் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

பழைய வீடு என்றாலே பாரம்பரிய வீடுதானா?

இல்லை. வயது ஒன்று மட்டும் போதாது. ஆனால் இந்தக் கேள்வியை வீட்டை மட்டும் பார்த்துக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் முப்பது வீடுகள் ஒரே வரிசையில், ஒரே மாதிரி மனை அகலத்தில், தெருவை ஒட்டி நிற்கும்போது அந்தத் தெருவுக்கே ஒரு உருவம் வந்துவிடுகிறது. அதில் நான்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருபத்தாறு என்று கணக்குச் சொல்ல முடியாது. வரிசையே உடைந்துபோகும். அதனால்தான் இன்று பல நாடுகளில் தனிக் கட்டடத்தோடு நிற்காமல் முழுப் பகுதியையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். 1931-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் இப்படி ஒரு பகுதிக்கே விதி போட்டது. 1962-ல் பிரான்ஸ் 'மால்ரோ சட்டம்' என்று அழைக்கப்படும் சட்டத்தின் மூலம் பழைய நகரப் பகுதிகளை முழுதாகப் பாதுகாக்க வழி செய்தது.

எங்கள் தெருவைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். இனி ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. பொதுவாகக் கட்டுப்பாடு எதன் மேல் இருக்கும் என்றால், தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதன் மேல்: முகப்பு, கூரை, உயரம், ஜன்னல், இடிப்பது, கூடுதல் மாடி. உள்ளே வெள்ளையடிப்பது, வயரிங் மாற்றுவது, சமையலறையைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்குப் பெரிய தடை இருக்காது. தனியாகப் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் உள்பகுதிக்கும் விதி இருக்கலாம். உங்கள் வீடு எந்த வகையில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வேலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்த உத்தரவு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி பிரித்த கூரையோடு மழைக்காலம் வந்தால் அந்த வீடு படும் பாட்டைச் சொல்லி முடியாது.

சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறுகிறது. சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. ஏன்?

பூசியதால்தான் நிற்கவில்லை. பழைய வீட்டுக்காரர்கள் வேறு எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாண்ட் சிமென்டுக்கு 1824-ல்தான் காப்புரிமை வாங்கப்பட்டது. அது வீட்டுக்கு வீடு வந்து சேர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. அதற்கு முன் கட்டிய செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, மணலோடு கலந்த காரை அது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பக் கல்லாக மாறும். செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை விடக்கூடியது. சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சிய ஈரம், மழையில் நனைந்த ஈரம், வீட்டுக்குள் மூச்சிலும் சமையலிலும் வரும் ஈரம் எல்லாம் காரையின் வழியாக வெளியேறிவிடும். சுவர் நனையும், காயும். நூறு வருடம் அப்படித்தான் அது நின்றிருக்கிறது.

அதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கோடு இடுப்புக்கு வரும். சரி என்று இடுப்பு வரை பூசினால் கோடு நெஞ்சு உயரத்துக்குப் போகும். ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உடைக்கும். அப்படி ஒரு சுவரில் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கெட்டியாகச் சத்தம் வரும். கெட்ட இடத்தில் காலிப்பானையைத் தட்டியது போல் வரும். அந்த இடத்தைப் பெயர்த்தால் பூச்சு ஒரே பலகையாகக் கையோடு வரும். அதன் பின்புறம் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளை உப்பு. செங்கல்லை விரலால் தேய்த்தால் சிவப்புத் தூள் கொட்டும். ஒருவர் மூன்று முறை சிமென்ட் பூசிய சுவரில் செங்கல் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு இப்படித் தூளாகிப்போயிருந்ததைப் பார்த்தேன். பூசாமலே விட்டிருந்தால் அந்தச் சுவர் நன்றாக இருந்திருக்கும்.

என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பாதி ஓதம் உடைந்த மழைநீர்க் குழாயிலும், அடைபட்ட சாக்கடையிலும், பல தடவை மேலே மேலே ரோடு போட்டு வாசலைவிட உயர்ந்துவிட்ட தெருவிலும்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு சிமென்ட் பூச்சைப் பொறுமையாகப் பெயர்த்தெடுத்துச் சுவரைக் காயவிடுங்கள். 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு ஒன்றரை வருடம். அவசரப்படுபவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், தெரியும். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் ஈரத்தை அடைக்கும், அதையும் தவிர்க்க வேண்டும்.

காரை சுண்ணாம்பா சிமென்டா என்று தெரியவில்லையா? செங்கல் இடுக்கில் ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக, எளிதாகச் சுரண்ட வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாவிதான் தேய்கிறது என்றால் சிமென்ட்.

விரிசல் விட்டிருக்கிறது. வீடு விழுந்துவிடுமா?

பழைய சுவரில் விரிசல் இல்லாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். அகலம் 5 மி.மீ.-க்குள் இருந்தால் பொதுவாகப் பழுது பார்க்கும் விஷயம்தான். 15 மி.மீ.-ஐத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் இறுகி நின்றாலோ, சுவர் வெளிப்பக்கம் தள்ளியிருந்தாலோ உடனே பழைய கட்டடம் பார்த்துப் பழகிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. களிமண் நிலத்தில் வெயில் காலத்தில் விரிந்து மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் விரிசல்களும் உண்டு. அதனால் முழுதாக ஒரு வருடம் பார்க்காமல் முடிவு சொல்வது கஷ்டம்.

பக்கத்து வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எங்கள் வீடு பொதுச்சுவர் கொண்டது. என்ன செய்வது?

வேலை தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. தொடங்கிய பிறகு ஓடுவதில் பயன் குறைவு.

முதலில், உங்கள் வீட்டின் இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அறை, ஒவ்வொரு சுவர், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு விரிசல் என்று அளவுகோலை வைத்துத் தேதியோடு புகைப்படம் எடுத்து, பக்கத்து மனைக்காரரும் கையெழுத்துப் போடும்படி ஒரு அறிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். இது சண்டைக்காகச் செய்வதில்லை. நாளைக்கு ஒரு புதிய விரிசல் வந்தால் அது யாருடையது என்ற பேச்சே வராமல் இருப்பதற்காக. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ல் வந்த பொதுச்சுவர்ச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சில வேளைகளில் 6 மீட்டருக்குள் தோண்டினாலும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த 3, 6 என்ற எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்துக்குக் கவலைப்பட வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவு.

பழைய வீடுகளின் கடைக்கால் ஆழம் குறைவு. பக்கத்தில் தரைக்குக் கீழே பார்க்கிங் என்று ஒரு மாடி ஆழத்துக்கு மொத்தமாக வெட்டினால், உங்கள் சுவரின் கீழே இருக்கும் மண் பக்கவாட்டில் சரியும். அதனால் ஒரே நாளில் நீளமாக வெட்டக்கூடாது. சுமார் ஒரு மீட்டர் அகலத் துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, அதற்குக் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும். நிலத்தடி நீரைப் பம்பு வைத்து இறைத்தாலும் மண் இறங்கும். எத்தனை நாள், எவ்வளவு இறைக்கப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இடிக்கும் இயந்திரத்தின் அதிர்வுக்கும் அளவு இருக்கிறது: ஜெர்மானியத் தரவிதியின்படி, மெதுவான அதிர்வுக்குப் பழைய, மென்மையான கட்டடங்களின் கடைக்காலில் நொடிக்கு 3 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. கருவி வைத்து அளக்கலாம்.

அப்புறம், எல்லோரும் மறந்துவிடும் ஒன்று. பக்கத்து வீடு இடிந்ததும் உங்கள் பொதுச்சுவரின் மறுபக்கம் வெளியே தெரியும். அதைப் பார்க்கும்போது மனதுக்கு என்னவோ செய்யும். ஒரு அறையின் நீலம், அதற்கு மேல் இன்னொரு அறையின் மஞ்சள், படிக்கட்டு சாய்வாக ஏறிய தடம், விளக்கு வைத்த மாடத்தில் கரி. உத்திரம் சொருகியிருந்த பொந்துகள் வரிசையாகத் திறந்து கிடக்கும். அந்தச் சுவர் மழைக்காகக் கட்டப்பட்டதே இல்லை. இத்தனை காலம் அது உள்சுவர். புது வீடு எழும்ப ஒரு வருடம் ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க அது நனையும். இடித்த வாரமே பொந்துகளைச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து அடைத்து, தார்ப்பாயாவது தொங்கவிட வேண்டும். யார் செலவு என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

காலிமனையில் கட்டுகிறோம். புது வீடு பழையது போலவே இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியில் பாதுகாப்பு வேலை செய்பவர்களே பல காலமாக இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964-ன் வெனிஸ் சாசனம், பழைய கட்டடத்தில் சேர்க்க வேண்டி வருவது தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்றது. மறுபக்கம் போலந்தின் தலைநகர் வார்சா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்த அதன் பழைய நகரத்தை, 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களைக்கூட ஆதாரமாக வைத்து மக்கள் திரும்ப எழுப்பினார்கள். 1980-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஒரு ஊரையே பறிகொடுத்தவர்கள் அதை மீட்டுக் கட்டியது அது. காலிமனையில் கட்டும் ஒரு வீட்டுக்கு அதை முன்மாதிரியாக வைக்க முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன். நகல் எடுக்க வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த தூண், ஃபைபர் வளைவு, கான்கிரீட் ஸ்லாபின் நுனியில் மட்டும் ஒட்டிய ஓடு, இவையெல்லாம் பக்கத்தில் இருக்கும் உண்மையான வீட்டையும் சேர்த்துப் போலியாகக் காட்டிவிடும். ஆனால் தெருவின் இலக்கணத்தை மீறவும் வேண்டாம். அந்த இலக்கணம் அலங்காரத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் நின்று பத்து வீடுகளை வரைந்து பாருங்கள், பென்சிலால், வெறும் பெட்டிகளாக. மனை அகலம் என்ன, சுவர் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, முதல் தளத்தின் தரை எந்த உயரத்தில் ஓடுகிறது, ஜன்னல்கள் நின்ற வாக்கில் உயரமா அல்லது படுத்த வாக்கில் அகலமா, சுவர் எவ்வளவு, ஓட்டை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த ஐந்தும் பொருந்தினால் முழுக்கப் புதிய பொருளில், ஒரு பூவேலையும் இல்லாமல் கட்டினாலும் அந்த வீடு தெருவில் உட்கார்ந்துகொள்ளும்.

இவற்றில் எது தவறினாலும் ஓரளவு சமாளிக்கலாம், தரைத்தளம் தவறினால் முடியாது. தெருவை ஒட்டிய முழு அகலத்துக்கும் கார் ஷட்டர் வைத்துவிடுகிறார்கள். வாசல் எங்கோ பக்கவாட்டில் போய்விடுகிறது. இப்படி நான்கு வீடு வந்தால் அந்தத் தெருவில் நடப்பவருக்கு மனித முகமே தெரியாது. சிங்கப்பூரில் 1822-ன் நகரத் திட்டம், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக இருக்கும் கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து ஐந்தடி நடைபாதை விடவேண்டும் என்று கேட்டது. தனித்தனி ஆட்கள், தனித்தனிக் காலத்தில், தனித்தனிப் பாணியில் கட்டினார்கள். ஆனாலும் அந்த ஒரு நடைபாதை எல்லா வீட்டையும் கோத்து வைத்திருக்கிறது. அந்த நகரம் இன்று 7,000-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றில் பல இப்படிப்பட்ட கடைவீடுகள்தான்.

முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுதாகப் புதிதாகக் கட்டலாமா?

உள்ளே ஏற்கெனவே எரிந்தோ இடிந்தோ போயிருந்தால் கட்டலாம். நல்ல வீட்டில் அப்படிச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் புதிய தளத்தின் ஸ்லாப் குறுக்கே ஓடுவது தெருவிலிருந்தே தெரியும். முற்றம், படிக்கட்டு, காற்று ஓடும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. முகப்பைத் தாங்க இரும்புச் சட்டம் கட்டி நிறுத்தும் செலவும் சின்னது இல்லை.

பக்கத்துத் தெருவில் பத்து மாடி கட்டுகிறார்கள். எங்கள் மனையில் மட்டும் இரண்டு மாடிதான் என்றால் நஷ்டம் இல்லையா?

நஷ்டம்தான், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. பழைய பகுதியில் இருப்பவர்கள் ஊருக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் ஊர் அவர்களுக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும். அதற்கு ஒரு வழி, கட்டாமல் விட்ட தளப்பரப்பு உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. நியூயார்க்கில் 1963-ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதும் எழுந்த வருத்தத்தில் 1965-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் நகரத்தின் பக்கம் தீர்ப்பானது. அந்த உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. உங்கள் ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா, சொத்து வரிச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தெருக்காரர்கள் சேர்ந்து கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இடித்துக் கட்டுவதுதான் மலிவு என்கிறார்களே?

சில வீடுகளில் உண்மை. பல வீடுகளில், பழுது பார்க்கும் மதிப்பீட்டைப் பழைய வீடு தெரியாத ஒருவர் போட்டிருப்பார். அவருக்குப் பயமாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 'மாற்று' என்று எழுதிவிடுவார். பழக்கம் உள்ளவரிடம் இரண்டாவது மதிப்பீடு வாங்குங்கள். உத்திரத்தின் நுனி மட்டும் இற்றிருந்தால் நுனியை வெட்டிப் புதுக்கட்டை சேர்த்தால் போதும், முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. சிமென்ட் உற்பத்தி மட்டுமே உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7, 8 சதவீதம். ஏற்கெனவே சுட்டு, சுமந்து, அடுக்கிவைத்த செங்கல்லைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அதே இடத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்கிறோம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய வீட்டில் குளியலறை, லிஃப்ட், ஏசி வைக்கலாமா?

தாராளமாக. வசதி இல்லாத வீட்டில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள், ஆள் இல்லாத வீடு சீக்கிரம் கெடும். நாளைக்கு எடுத்தால் வீடு பழைய மாதிரி நிற்கும்படி வையுங்கள், அவ்வளவுதான். குழாயைச் சுவருக்குள் வெட்டிப் பதிக்காமல் வெளியே ஓடவிடுங்கள். ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். குளியலறையை மரத் தளத்தின் மேல் வைக்காதீர்கள்.

மரக் கதவு ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) போடலாமா?

போடாதீர்கள். பழைய காலத்து மரம் பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து நெருக்கமான வரிகள் கொண்டது. அந்தத் தரத்தில் இன்று வாங்குவது கஷ்டம். ஒரு ஜன்னலில் பொதுவாக அழுகுவது அடிச்சட்டம் ஒன்றுதான். அதை மட்டும் ஒரு நல்ல தச்சர் மாற்றித் தருவார். யுபிவிசி உடைந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் நடக்காது.

பகுதி அழகானதும் வாடகை ஏறி, பழைய குடிகள் வெளியேறிவிடுகிறார்களே?

நடக்கிறது. 1964-ல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டனில் இதைப் பார்த்து அதற்கென்றே ஒரு ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். வெனிஸின் பழைய நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது, குடும்பங்கள் இல்லை. இதற்கு மாற்றாக 1970-களில் இத்தாலியின் பொலோன்யா ஒன்றைச் செய்து பார்த்தது. நகர ஓரத்தில் புதுக் குடியிருப்புக் கட்டுவதற்கான பொதுப்பணத்தைப் பழைய நகரத்தின் வீடுகளைச் சீரமைப்பதில் போட்டு, அங்கிருந்த எளிய குடும்பங்களை அங்கேயே இருக்க வைக்க முயன்றது. நினைத்த அளவுக்கு நடக்கவில்லை என்றாலும் அந்த யோசனை சரியானது என்றே நினைக்கிறேன். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களும் ஒன்று செய்யலாம்: சீரமைப்புக்கு முன் இருந்தவரையே, வேலை முடிந்ததும் முதலில் கேட்கலாம்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மழை பெய்யும் நாளில் போங்கள். கூரைக்குக் கீழே ஏறி டார்ச் அடித்து, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். இற்றுப்போவதும் கரையானும் அங்கேதான் தொடங்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பத்திரத்தில் பொதுச்சுவர் யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் வீட்டை இடிப்பது தவிர வேறு வழியில்லை. எதையாவது காப்பாற்ற முடியுமா?

முடியும், அவசரப்படாமல் இருந்தால். இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். எல்லா அறையையும் நான்கு மூலையில் நின்று படம் எடுங்கள். ஜேசிபியை விடாமல் ஆள் வைத்துப் பிரித்தால் செங்கல், ஓடு, உத்திரம், கதவு எல்லாம் முழுசாகக் கிடைக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே சுத்தமாக விட்டுவிடும், சிமென்டில் கட்டியது உடைந்துதான் வரும். அந்தச் செங்கல்லை, அதே தெருவில் யாராவது பழைய சுவரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கே கொடுங்கள். அதே அளவில் செங்கல் கிடைக்காமல் அவர் தேடிக்கொண்டிருப்பார்.